தண்டுவடத்துக்கும் அதன் குழாய்க்கும் நார்மல் அளவு எது? எம்ஆர்ஐ-யில் அதை எப்படி நிர்ணயிப்பது?

கேள்வி கேட்டவர் எம்.டி. ரேடியாலஜி மாணவர். தன் மருத்துவமனைக்கு வருபவர்களை வைத்து, கழுத்துத் தண்டுவடத்துக்கும் அது இறங்கிச் செல்லும் முதுகெலும்புக் குழாய்க்கும் எம்ஆர்ஐ-யில் நார்மல் அளவுகளை நிர்ணயிப்பது அவருடைய தீசிஸ். "ஒரு புத்தகம் 10 மி.மீ. என்கிறது, இன்னொன்று 13 என்கிறது. ஜப்பான் பேப்பர் ஒன்று சொல்கிறது, சுவிஸ் பேப்பர் வேறு சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது? நானே அளப்பதென்றால் யாரை, எங்கே, எப்படி, எத்தனை பேரை அளப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த 10, 13 கதையை முடித்துவிடுவோம். இந்த இரண்டு எண்களுமே எம்ஆர்ஐ-யில் பிறந்தவை அல்ல. எம்ஆர்ஐ வருவதற்கு இருபது, முப்பது வருடங்களுக்கு முன்பே அவை புழக்கத்துக்கு வந்துவிட்டன.

1956-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் உல்ஃப், கில்நானி, மாலிஸ் மூவரும் சாதாரணக் கழுத்து எக்ஸ்ரேயில், பக்கவாட்டுப் படத்தில், குழாயின் முன்பின் விட்டத்தை அளந்து வெளியிட்டார்கள். முள்ளெலும்பு உடலின் பின்சுவரிலிருந்து, பின்னால் லாமினாக்கள் (முள்ளெலும்பு வளையத்தின் பின்பக்கத் தகடுகள்) கூடும் வெள்ளைக் கோடு வரை உள்ள தூரம் அது. சி3 முதல் சி7 வரை, அதாவது கழுத்தின் மூன்றாவது முள்ளெலும்பிலிருந்து ஏழாவது வரை, பெரியவர்களுக்குச் சராசரி 17 மி.மீ. அளவில் வந்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களில் 10 அல்லது அதற்குக் கீழே போனால் தண்டுவடம் நெருக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், 13-க்கு மேல் இருந்தால் வாய்ப்பு குறைவு என்றார்கள். இடுப்புப் பகுதிக்கான 10, 12 எண்கள் வேறு வழியில் வந்தவை. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து நரம்பு அறுவை மருத்துவர் வெர்பீஸ்ட் 1954-இல் இடுப்புக் குழாய்ச் சுருக்கத்தைப் பற்றி எழுதினார். அறுவை சிகிச்சையின்போதே கருவியை உள்ளே வைத்து அளந்தவர் அவர். 10-க்குக் கீழ் முழுமையான சுருக்கம், 10 முதல் 12 வரை ஒப்பீட்டளவிலான சுருக்கம் என்ற பிரிவு அவருடையது.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் எலும்புக்கும் எலும்புக்கும் இடையே, அதுவும் முள்ளெலும்பின் நடுமட்டத்தில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்து, எம்ஆர்ஐ-யில் டிஸ்க் மட்டத்தில், குழாயின் முன்சுவரில் உள்ள பின்நீள் தசைநார், டிஸ்க் வீக்கம், பின்சுவரில் உள்ள மஞ்சள் தசைநார் மூன்றும் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சியிருக்கும் இடைவெளிக்குப் பொருத்துகிறோம். எக்ஸ்ரே, பிம்பத்தைச் சற்றுப் பெரிதாக்கியும் காட்டும். எக்ஸ்ரே குழாய்க்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம் மாறினால் பெரிதாகும் விகிதமும் மாறும். எம்ஆர்ஐ-யில் அந்தப் பிரச்சினை கிடையாது. ஆகவே ஒரே மனிதருக்கு எக்ஸ்ரே எண்ணும் எம்ஆர்ஐ எண்ணும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. எம்ஆர்ஐ எண்தான் சிறியதாக வரும். அதைப் பழைய வரம்போடு ஒப்பிட்டால் நல்ல ஆளுக்கும் "ஸ்டெனோசிஸ்" (குழாய்ச் சுருக்கம்) என்று ரிப்போர்ட் போகும்.

பெரிதாக்கும் பிரச்சினையிலிருந்து தப்பிக்கத்தான் 1980-களின் நடுவில் டார்க்–பாவ்லவ் விகிதம் வந்தது. குழாயின் விட்டத்தை அதே மட்டத்து எலும்பு உடலின் விட்டத்தால் வகுப்பது. இரண்டும் ஒரே அளவு பெரிதாவதால் பிழை அடிபட்டுப் போகும், நல்ல யோசனைதான். அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்கள் மோதலுக்குப் பிறகு சில நிமிடங்கள் கைகால் மரத்துப்போகும் நிலையை ஆராய்ந்தபோது உருவானது. 0.8-க்குக் கீழ் இருந்தால் குறுகல் என்றார்கள். ஆனால் அந்த ஆட்டக்காரர்களுக்கு எலும்பு உடலே பெரியது. வகுக்கும் எண் பெரிதானால் விகிதம் தானாகக் குறையும். குழாய் நன்றாக இருந்தும் விகிதம் 0.8-க்குக் கீழே போன வீரர்கள் ஏராளம். டார்க் குழுவே 1990-களில் கணக்குப் போட்டுப் பார்த்து, நோய் வந்தவர்களைப் பிடிப்பதில் 93 சதவீதத் திறன் இருந்தாலும், விகிதம் குறைவாக உள்ள ஒருவருக்கு அந்தப் பாதிப்பு வரப்போகிறது என்று சொல்லும் திறன் வெறும் 0.2 சதவீதம்தான் என்று எழுதினார்கள். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று சலிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் சொன்னார்கள். தான் உண்டாக்கிய அளவுகோலுக்குத் தானே எல்லை போடுவது எல்லோரும் செய்யும் காரியமல்ல. அந்த விகிதத்தை இன்றும் எம்ஆர்ஐ-யில் கணக்கிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. எம்ஆர்ஐ-யில் பெரிதாகும் பிழையே இல்லாதபோது, அதற்கு மருந்தாக வந்த விகிதத்துக்கு என்ன வேலை?

இனி எம்ஆர்ஐ-யிலேயே அளந்தவர்கள். சுவிட்சர்லாந்தில் உல்பிரிச் குழுவினர் அறிகுறி எதுவும் இல்லாத 140 பேரை அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். நடுக்கோட்டில் சி6 மட்டத்தில் நல்ல மனிதர்களின் குழாய் விட்டம் 9.2-இல் தொடங்கி 16.8 மி.மீ. வரை பரவிக் கிடந்தது. அந்தக் கீழ் எல்லையைப் பாருங்கள். உல்ஃப் சொன்ன 10-க்கும் கீழே, எந்தத் தொந்தரவும் இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். அது மட்டுமல்ல, ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே சிறியதற்கும் பெரியதற்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். சராசரியை மட்டும் சொல்லும் பேப்பரை நான் பாதியோடு மூடிவிடுவதற்கு இதுதான் காரணம்.

ஜப்பானின் ஆய்வு இன்னும் பெரியது. இருபதுகளிலிருந்து எழுபதுகள் வரை ஒவ்வொரு பத்தாண்டு வயதுக்கும் ஆண்கள் சுமார் 100, பெண்கள் சுமார் 100 என்று மொத்தம் 1,211 பேர். யாருக்கும் கழுத்து சம்பந்தப்பட்ட அறிகுறி இல்லை. 2012-இலும் 2015-இலும் இந்தத் தரவிலிருந்து பேப்பர்கள் வந்தன. வயது ஏற ஏறத் தண்டுவடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பும் அதைச் சுற்றிய உறையின் பரப்பும் குறைகின்றன என்று காட்டினார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது, இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு. தண்டுவட அழுத்தம் 5.3 சதவீதம் பேருக்கு. தண்டுவடத்துக்குள் சிக்னல் மாற்றம் (படத்தில் நிறம் மாறித் தெரிவது) 2.3 சதவீதம் பேருக்கு.

இதோடு செக் குடியரசில் 2016-இல் வந்த ஆய்வை வைத்துப் பாருங்கள். 40 வயதைத் தாண்டிய 183 பேரைப் பொதுமக்களிலிருந்து எடுத்தார்கள். மையலோபதி, அதாவது தண்டுவடப் பாதிப்பின் அறிகுறி இல்லாமலே தண்டுவடம் அழுத்தப்பட்டிருந்தவர்கள் சுமார் 59 சதவீதம்! ஜப்பானில் 5, செக்கில் 59. வயது ஒரு காரணம், ஏனென்றால் ஜப்பான் கணக்கில் இளவட்டங்களும் உண்டு. ஆனால் பத்து மடங்கு வித்தியாசத்தை வயது மட்டும் விளக்காது. எதை அழுத்தம் என்று கணக்கில் எடுத்தார்கள் என்பதுதான் பெரிய காரணம். செக் குழுவினர் டிஸ்க் மட்டத்தில் தண்டுவடத்தின் ஓரம் லேசாகத் தட்டையானாலும் குழிந்தாலும் அழுத்தம் என்று எழுதிக்கொண்டார்கள். உங்கள் தீசிஸில் எந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன்பும், எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை அளக்கிறேன், எதை அழுத்தம் என்பேன் என்ற ஒரு பக்கத்தை எழுதி, படம் வரைந்து, கைடிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் முதல் பாதித் தரவு குப்பைக்குத்தான்.

அளக்கும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

நடுக்கோட்டு டி2 படத்தை (தண்டுவட நீர் வெள்ளையாகத் தெரியும் எம்ஆர்ஐ வகை) திறந்து சி5 மட்டத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் சாம்பல் நிறத்தில் தண்டுவடம். முன்னும் பின்னும் வெள்ளையாகத் தண்டுவட நீர். அதற்கு முன்னால் ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கறுப்புக்குள் உறை, பின்நீள் தசைநார், எலும்பின் கடின ஓடு மூன்றும் ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க முடியாது. காலிபரை (திரையில் தூரம் அளக்கும் கருவி) வெள்ளையின் விளிம்பில் வைத்தால் நீங்கள் அளப்பது உறைக்குள் இருக்கும் இடம். கறுப்பின் வெளிவிளிம்பில் வைத்தால் எலும்புக் குழாயை நெருங்குகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே முன்பக்கத்தில் மட்டுமே சுமார் 1 மி.மீ. போய்விடும், பின்பக்கத்தில் மஞ்சள் தசைநார் இன்னும் கொஞ்சம் தின்னும். 12 மி.மீ. அளவுள்ள பொருளில் ஒன்றரை மி.மீ. பிழை என்றால் அதன் பிறகு புள்ளியியல் எதுவும் காப்பாற்றாது.

அடுத்து பிக்சல். 220 மி.மீ. பார்வைப் பரப்பை 320 கட்டமாகப் பிரித்தால் ஒரு பிக்சல் சுமார் 0.7 மி.மீ. தண்டுவடத்தின் முன்பின் அளவு 7, 8 மி.மீ., அதாவது பத்துப் பதினொரு பிக்சல். விளிம்பில் ஒரு பிக்சல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது எப்போதும் ஊகம்தான். பரப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். 13-க்கு 7.8 மி.மீ. அளவுள்ள நீள்வட்டமாகத் தண்டுவடத்தை எடுத்துக்கொண்டால் பரப்பு ஏறத்தாழ 80 ச.மி.மீ., சுற்றளவு 33 மி.மீ. சுற்றிவர அரை பிக்சல் வெளியே தள்ளிக் கோடு போட்டால் 11, 12 ச.மி.மீ. கூடிவிடும். கிட்டத்தட்ட 14 சதவீதம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "குழாய் விட்டம் 11.37 மி.மீ." என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்க்கும்போது சிரிப்புத்தான் வரும். கணினி தசமம் கொடுக்கிறது என்பதற்காக நாம் எழுத வேண்டியதில்லை. அதுவும் வெள்ளை–கறுப்பு அளவை, அதாவது விண்டோவை, ஆளாளுக்குத் திருகினால் வெள்ளை நீர் வீங்கும், தண்டுவடம் மெலியும். விண்டோ மதிப்பை ஒரே எண்ணில் பூட்டிவையுங்கள்.

சாய்வும் சும்மா விடாது. குறுக்குவெட்டுப் படம் தண்டுவடத்துக்கு நேர்செங்குத்தாக இல்லாமல் 20 டிகிரி சாய்ந்தால் பரப்பு 6 சதவீதம் கூடும், 30 டிகிரி சாய்ந்தால் 15 சதவீதம். வழக்கமான கழுத்து எம்ஆர்ஐ-யில் டெக்னீஷியன் குறுக்குவெட்டுகளை டிஸ்க்குக்கு இணையாகப் போடுவார், அது அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறை. கழுத்தின் வளைவில் டிஸ்க்கின் சாய்வும் தண்டுவடத்தின் அச்சும் ஒத்துப்போகாது. அதனால் பழைய படங்களை பேக்ஸிலிருந்து (மருத்துவமனையின் படச் சேமிப்பகம்) எடுத்து அளப்பதை விட, எல்லாப் பக்கமும் சமமான 0.8 மி.மீ. கனசதுரங்களில் முப்பரிமாண டி2 ஒன்றை எடுத்து, பிறகு கணினியில் தண்டுவடத்துக்குச் செங்குத்தாக வெட்டிக்கொள்வது நல்லது. ஸ்பைன்–ஜெனரிக் என்ற பெயரில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட பொது நெறிமுறை டி2-க்கு இதே 0.8-ஐத்தான் வைத்திருக்கிறது. 42 மையங்களில் 260 பேரை எடுத்தது மட்டுமல்லாமல், ஒரே ஆளை 19 மையங்களுக்குக் கூட்டிச் சென்று ஸ்கேன் செய்தும் பார்த்தார்கள். மிஷின் மாறினால் எண் எவ்வளவு மாறுகிறது என்று தெரிய அதைவிட நேர்மையான வழி இல்லை. நெறிமுறையும் படங்களும் இலவசம்.

கொழுப்பு வெள்ளையாகவும் நீர் கறுப்பாகவும் தெரியும் டி1 படத்தில் அளந்த பரப்பும் டி2-இல் அளந்த பரப்பும் ஒத்துவராது, ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். கிரேடியன்ட் எக்கோ என்ற இன்னொரு வகை எம்ஆர்ஐ படத்தில் எலும்பு விளிம்பு தடித்துத் தெரியும், குழாய் உள்ளதைவிடக் குறுகலாகக் காட்டும். சாம்பல் பொருளைப் பார்க்க அது நல்ல படம், குழாயை அளக்க வேண்டாம்.

கழுத்தின் நிலையும் முக்கியம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் பிரைக் 1960-லேயே உடற்கூறு ஆய்வில் காட்டியது இது: தலையைக் குனிந்தால் தண்டுவடம் நீண்டு மெலிகிறது, அண்ணாந்தால் சுருங்கித் தடிக்கிறது. அண்ணாந்த நிலையில் மஞ்சள் தசைநாரும் மடிந்து உள்ளே வரும். ஆகவே ஒருவருக்கு இரண்டு தலையணை, இன்னொருவருக்குத் தலையணை இல்லை என்று படுக்கவைத்து எடுத்தால் நீங்கள் நிர்ணயிப்பது தலையணையின் நார்மலைத்தான். எம்ஆர்ஐ காயிலின் (கழுத்தைச் சுற்றி வைக்கும் சிக்னல் வாங்கும் சட்டகம்) உள்ளே ஒரே உயரத் தாங்கி, எல்லோருக்கும்.

இனி யாரை அளப்பது. பெரும்பாலான தீசிஸ்கள் இங்கே ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன. கழுத்து வலிக்காக எம்ஆர்ஐ எடுத்து, ரிப்போர்ட் "நார்மல்" என்று வந்தவர்களின் படங்களை எடுத்து அளப்பார்கள். வசதிதான், ஸ்கேன் செலவு இல்லை. ஆனால் ரிப்போர்ட் எழுதியவர் ஏற்கெனவே 10 மி.மீ. வரம்பை மனதில் வைத்து, குறுகலாகத் தெரிந்தவர்களை "ஸ்டெனோசிஸ்" என்று ஒதுக்கிவிட்டார். மிஞ்சியவர்களை அளந்தால் கீழ் எல்லை 10-க்கு மேலேதான் வரும். பிறகு "எங்கள் ஆய்வும் 10 மி.மீ. வரம்பை உறுதிப்படுத்துகிறது" என்று முடிவுரை எழுதுவோம். உள்ளே போட்டதே வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாற்று வழி: தலைவலி, தலைச்சுற்றல் போன்ற காரணங்களுக்காக மூளை எம்ஆர்ஐ-க்கு வருபவர்களிடம் ஒப்புதல் பெற்று, கழுத்துக்கு ஒரு முப்பரிமாண டி2-ஐ மட்டும் கூடுதலாக எடுப்பது. சில நிமிட வேலை. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். கூட வந்த உறவினர்கள் சம்மதித்தால் அவர்கள் இன்னும் நல்ல மாதிரி. யாராக இருந்தாலும் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவதோடு நிறுத்தாமல் கையால் சோதித்துப் பாருங்கள்: ரிஃப்ளெக்ஸ், ஹாஃப்மன் (நடுவிரல் நகத்தைச் சுண்டிக் கட்டைவிரல் மடங்குகிறதா என்று பார்ப்பது), குதிகாலும் விரலும் தொட்டு நேர்கோட்டு நடை. பத்து வினாடியில் கையை எத்தனை முறை இறுக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுவது ஜப்பானியர் வழி. 20-க்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும். காசு செலவில்லாத நல்ல சோதனை. அதே நேரம் மிதமிஞ்சி வடிகட்டாதீர்கள். டிஸ்க் பிதுங்கியவர்களையெல்லாம் நீக்கினால், ஜப்பான் கணக்குப்படி எட்டில் ஏழு பேரை நீக்க வேண்டியிருக்கும். மிஞ்சுபவர்கள் யாருடைய நார்மலும் அல்ல.

எத்தனை பேர் என்பதற்குப் பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறார்கள். ரத்த அளவுகளுக்கு நார்மல் வரம்பு நிர்ணயிக்கும் சர்வதேச வழிகாட்டுதல் குறைந்தது 120 பேர் என்கிறது, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக 120. 120 பேரைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் மூன்றாவது ஆளும் 118-ஆவது ஆளும்தான் உங்கள் 95 சதவீத வரம்பின் இரு முனைகள். அதாவது உங்கள் முழுத் தீசிஸின் கீழ் எல்லையை ஏறத்தாழ ஒரே ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். அவர் ஸ்கேனில் அசைந்திருந்தால்? அதனால்தான் எல்லைக்கும் ஒரு நம்பக வரம்பு போட வேண்டும் என்கிறார்கள். ஆண்களுக்குத் தண்டுவடம் சற்றுப் பெரியது என்பது நன்றாக நிறுவப்பட்டது, எனவே ஆண் 120, பெண் 120. பத்தாண்டு வயது வாரியாகவும் உடைத்தால் ஒரு கட்டத்தில் இருபது பேர்தான் நிற்பார்கள், அதில் வரம்பு போட முடியாது. வயதை உடைக்காமல் தொடர்கோடாக வைத்து, வயதோடு எல்லை எப்படி நகர்கிறது என்று ரிக்ரெஷனில் காட்டுங்கள். உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பங்கு இருக்காது, ஆனால் வைவாவில் கேட்பார்கள்.

இரண்டு பேர், ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்காமல் அளக்க வேண்டும். அதே ஆள் சில வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். வழக்கமாக ஐசிசி (இருவர் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண், 1 என்றால் முழு ஒற்றுமை) 0.9 வந்தது என்று எழுதித் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஐசிசி-க்கு ஒரு தந்திரம் உண்டு. அளக்கும் கூட்டத்தில் பெரியது சிறியது கலந்து பரவல் அதிகமாக இருந்தால், அளவெடுப்பில் பிழை இருந்தாலும் ஐசிசி அழகாகவே வரும். பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடம் போடுங்கள். "இரண்டு பேர் அளவுக்கு நடுவே 1.2 மி.மீ. வரை வித்தியாசம் வரலாம்" என்பதுபோல மி.மீ.-யிலேயே பதில் சொல்லும். ரிப்போர்ட் எழுதுகிறவருக்குத் தேவை அதுதான். இது எவ்வளவு தூரம் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்குத் தண்டுவடப் பரப்பு ஆண்டுக்குச் சராசரியாக 1.8 சதவீதம் அளவில் சுருங்குகிறது. கையால் கோடு போட்டு 14 சதவீதப் பிழை செய்பவர் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தத் துறையில் சி2–சி3 மட்டத்தில் தானியங்கி அளவெடுப்பு வழக்கமானதற்கு இதுவே காரணம்.

தானியங்கி என்றால், மான்ட்ரியால் பாலிடெக்னிக்கில் உருவான ஸ்பைனல் கார்டு டூல்பாக்ஸ் இலவச மென்பொருள். தண்டுவடத்தைத் தானே பிரித்து, ஒவ்வொரு வெட்டிலும் பரப்பு, முன்பின் விட்டம், பக்கவாட்டு விட்டம் எல்லாம் தரும். சாய்வையும் சரிசெய்துகொள்ளும். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பாருங்கள். டிஸ்க் தண்டுவடத்தைத் தொடும் இடத்தில், நடுவே வெள்ளை நீர் இல்லாததால், எந்த மென்பொருளும் தடுமாறும். நமக்கு முக்கியமான இடமும் அதுவே.

இதுவரை குழாயைத் தனியாகவும் தண்டுவடத்தைத் தனியாகவும் பேசினேன். உண்மையில் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்பதே என் கருத்து. சட்டைக் காலர் 15 அங்குலம் என்று மட்டும் சொன்னால் அது போட்டவருக்கு இறுக்குமா என்று சொல்ல முடியுமா? ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே சி2–சி3 மட்டத்துத் தண்டுவடப் பரப்பு சராசரியிலிருந்து சுமார் 10 சதவீதத் திட்ட விலக்கத்தோடு பரவியிருக்கிறது. 11 மி.மீ. குழாயில் 6.5 மி.மீ. தண்டுவடம் இருந்தால் 4.5 மி.மீ. இடம் மிச்சம். அதே 11-இல் 8.5 மி.மீ. தண்டுவடம் இருந்தால் மிச்சம் 2 சொச்சம்தான். இரண்டாமவருக்கு ஒரு சின்ன டிஸ்க் பிதுக்கமே போதும். விளையாட்டு மருத்துவத்தில் ராபர்ட் கான்ட்டூ போன்றவர்கள் வலியுறுத்தியதும் இதுதான்: எலும்பின் எண்ணை விட்டுவிட்டு, தண்டுவடத்தைச் சுற்றி நீர் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் தீசிஸில் குழாய் விட்டம், தண்டுவட விட்டம் இரண்டோடு, அவற்றின் வித்தியாசத்துக்கும் தனி வரம்பு கொடுத்தால் பயன்படுத்துகிறவர்களுக்கு அதுவே அதிகம் உதவும்.

நோயாளியின் சொந்தத் தண்டுவடத்தையே அளவுகோலாக வைக்கும் வழியும் உண்டு. டொரொன்டோவின் ஃபெலிங்ஸ் குழு 1999-இல் சொன்னது: அழுத்தம் உள்ள இடத்து முன்பின் விட்டத்தை, அதற்கு மேலும் கீழும் உள்ள நல்ல மட்டங்களின் சராசரியோடு ஒப்பிடு. உயரம், பாலினம், இனம் எல்லாம் இதில் தானாக அடிபட்டுப் போகும். குறை என்னவென்றால், தண்டுவடம் மேலிருந்து கீழ் வரை ஒரே கனம் இல்லை. கைகளுக்கான நரம்புகள் கிளம்பும் கழுத்தின் நடுப்பகுதியில் அது பக்கவாட்டில் பருத்திருக்கும். விட்டத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது, பரப்பை வைத்து இதே கணக்கைப் போட்டால் சி5-இல் உள்ள அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். இந்தப் பருத்தலைச் சரிசெய்யத்தான் நார்மல் தரவு வேண்டும். ஸ்பைன்–ஜெனரிக் படங்களிலிருந்து 203 ஆரோக்கியமானவர்களின் தண்டுவட வடிவத்தை வெட்டுவெட்டாக ஒரே பொது வரைபடத்தில் ஏற்றி 2024-இல் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் எண்களை அதன் மேல் வைத்து ஒப்பிடலாம். நம் ஊர் மக்களுக்கு அந்தக் கோடு பொருந்துகிறதா, ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்குகிறதா என்பதே ஒரு தீசிஸுக்குப் போதுமான கேள்வி.

மார்புப் பகுதியை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே தண்டுவடம் மெல்லியது, இதயத்துடிப்பும் மூச்சும் படத்தைக் கலைக்கும், வேறு காயில், வேறு பிரச்சினைகள். தண்டுவடம் முடியும் மட்டம் தெரிய வேண்டுமானால் அது ஏற்கெனவே முடிந்த கணக்கு: 1998-இல் 504 பெரியவர்களில் பார்த்ததில் சராசரி முடிவு முதல் இடுப்பு முள்ளெலும்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், பரவல் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பின் நடுவிலிருந்து மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மேல்பகுதி வரை.

கடைசியாக, கமிட்டி முன்னால் நிற்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் நிர்ணயிப்பது ஆரோக்கியமானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற வரம்பு. எந்த எண்ணில் நோய் தொடங்குகிறது என்ற வரம்பு வேறு. அதற்கு ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். செக் நாட்டின் பெட்னார்ஷிக் குழு அப்படிச் செய்தது. அழுத்தம் இருந்தும் மையலோபதி இல்லாத 199 பேரில் முதல் ஆண்டில் 8 சதவீதம் பேருக்கும், மொத்தத்தில், நடுமதிப்பாக 44 மாதங்கள் பார்த்ததில், 22.6 சதவீதம் பேருக்கும்தான் மையலோபதி வந்தது. உங்கள் வரம்புக்குக் கீழே ஒருவர் இருந்தால் "இரண்டரை சதவீத ஆரோக்கியமானவர்கள் மட்டுமே இவ்வளவு குறுகல்" என்று சொல்லலாம், "ஆபரேஷன் வேண்டும்" என்று சொல்ல முடியாது.

தீசிஸ் முடியும் வரை ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். நான் எழுதுவது இந்த மாதிரி: "சி5–சி6 டிஸ்க் மட்டம், நடுக்கோட்டு டி2-இல் உறைக்குள் முன்பின் அளவு 10 மி.மீ. தண்டுவடத்தின் பின்பக்கம் நீர்க்கோடு தெரிகிறது, முன்பக்கம் மறைந்துள்ளது. தண்டுவடத்தின் வடிவம் மாறவில்லை. உள்ளே சிக்னல் மாற்றம் இல்லை." எங்கே, எந்தப் படத்தில், எதற்குள் அளந்தேன் என்பது எண்ணோடு கூடவே போகிறது. இன்னொருவர் அடுத்த வருடம் அதே இடத்தில் அளந்து ஒப்பிட முடியும். தசமம் போடுவதில்லை.

தலைப்பு இன்னும் பதிவாகவில்லை என்றால் "தண்டுவடம் மற்றும் குழாய்" என்று முழு முதுகையும் இழுத்துப்போடாமல், "அறிகுறியற்ற பெரியவர்களில் சி2 முதல் சி7 வரை" என்று சுருக்கி, மிஷினின் காந்த வலிமை 1.5-ஆ 3 டெஸ்லாவா என்பதையும் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். முதல் பத்துப் பேரை ஒத்திகையாக எடுத்து நீங்களும் உங்கள் கைடும் தனித்தனியே அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு பிக்சலைத் தாண்டினால் 11-ஆவது ஆளைக் கூப்பிடுவதற்கு முன் காலிபர் வைக்கும் இடத்தைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.